ஒரே பலகையும் ஒரே நீதியும்

இலுப்பைக்கடவைக் கரையிற் சோளகக் காற்று ஆள்பார்த்து வீசுவதில்லை. ஆயின், காற்றுப் பொதுவாயிருப்பதனாற் பாய்ப்பலகையோட்டமும் நீதியானதாகிவிடுமா?

இவ்வோட்டம் 1984 இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிற் புகுந்தது. பெண்களுக்கெனத் தனிப்போட்டி கிடைத்தது 1992 இலேதான். அத்தாமதத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அனைவரும் ஒரே வகைப் பலகையிற் செல்லவேண்டுமென்பது அங்குள்ள விதி. பணமன்று, திறமையே வெல்லவேண்டும் என்பது அதன் கருத்து. உயர்ந்த கருத்தே. எனினும், அவ்விதி கரையைவிட்டுப் புறப்பட்டோரிடையே மட்டுமே நீதி செய்கிறது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், நீருக்கடியிலுள்ள சிறகினால் மேலெழும் புதுவகைப் பலகை வந்தது. ஆண்களுக்குப் பாய் 9 சதுர மீற்றர்; பெண்களுக்கு 8. அவ்வளவு பெரிய பாயை அடக்கப் பாரமான உடல் வேண்டும். ஆகவே மெலிந்த வீரர் எடைகூட்ட நேர்ந்தது. பழைய பலகையிற் பல்லாண்டு பழகியோரும் மீண்டும் செலவழித்துப் புதியதை வாங்கவேண்டியவராயினர். கருவி ஒன்றேயாயினும் அதன் சுமை ஒன்றன்று.

எங்கள் கரையில், காற்றின் திசைமாற்றத்தைத் தோலாலேயே உணரும் மீனவ இளைஞர் உளர். அவர்களிடம் பலகை இல்லை. செல்வர் கழித்த பழைய பலகைகளைப் பொதுவில் வைத்து இரவல் கொடுப்பதே முதலிற் செய்யத்தக்கது. அவை வேகங்குறைந்தவைதாம், பழகுவதற்கு அது தடையன்று.