முடியாத கதை, அடங்காத நா

2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உலக அறிவியல் புனைவு மாநாடு நடந்தது. வாசகரும் எழுத்தாளரும் நேருக்கு நேர் கூடும் பழைய மரபு அது. முதல் மாநாடு 1939-இல் நியூயார்க்கில் கூடியது. சியாட்டில் அமர்வு ஒன்றில் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் மேடையில் அமர்ந்திருந்தார். கேள்வி கேட்க எழுந்த வாசகர் ஒருவர், நீங்கள் இன்னும் அதிக காலம் இருக்கப்போவதில்லை, உங்கள் கதையை பிராண்டன் சாண்டர்சன் போன்ற வேறொருவர் எழுதி முடித்தால் என்ன என்ற பொருள்பட அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். அரங்கம் கூச்சலிட்டுக் கண்டித்தது. மார்ட்டினுக்கு அப்போது வயது 76.

கேட்டவர் ஒருவர்தான். ஆனால் அந்தப் பேச்சு அன்று சியாட்டிலில் பிறந்ததல்ல. மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ தொடருக்கென இணையத்தில் இயங்கும் வாசகர் கூட்டத்தில் அது பல்லாண்டுகளாகப் புழங்கிவருகிறது. அவர் வயதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது, உடல் பருமனைக் காட்டி ஆயுளுக்குக் கெடு வைப்பது, புத்தகம் முந்துமா எமன் முந்துவானா என்று மீம் போடுவது எல்லாம் அங்கே பலருக்கு அன்றாடப் பொழுதுபோக்கு. முகம் தெரியாத இடத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், எழுத்தாளரின் முகத்தைப் பார்த்த பிறகும் கூசவில்லை.

ஒரு நூலை உயிராய் நேசித்துவிட்டதால் அதை எழுதியவரின் வாழ்நாள் மீது வாசகருக்கு எந்த உரிமையும் வந்துவிடாது. அப்படி உரிமை கொண்டாடும் பேச்சு நடக்கிற கூட்டத்தில் உறுப்பினராக இருந்துகொண்டு வாய் மூடியிருப்பவருக்கும் அந்தக் குற்றத்தில் பங்கு உண்டு. இதில் இருவேறு கருத்துக்கு இடமிருப்பதாகத் தெரியவில்லை.

தொடரின் முதல் தொகுதி 1996-இல் வந்தது. மூன்றாவது 2000-இல், நான்காவது 2005-இல், ஐந்தாவதான ‘எ டான்ஸ் வித் டிராகன்ஸ்’ 2011 ஜூலையில். ஏழு தொகுதிகளில் நிறைவடைய வேண்டிய கதையில் ஆறாவதான ‘தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்’ வரவில்லை. 2011 ஏப்ரலில் இக்கதையை வைத்து எச்பிஓ தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் நூலை முந்திக்கொண்டு ஓடி, 2019 மே மாதம் முடிந்தே போயிற்று. நூல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

இப்படிக் கூடிக் காத்திருப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. மார்ட்டினே ரசிகர் கூட்டம் வளர்த்த பிள்ளை. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் ஊரில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ காமிக்ஸ் இதழுக்கு அவர் எழுதிய கடிதம் 1963-இல் அச்சானது. கடிதத்தோடு முகவரியையும் போடுகிற காலம் அது. அந்த முகவரி வழியாக மற்ற ரசிகர்களின் தொடர்பு கிடைத்தது. ரசிகர்கள் தாமே நகலெடுத்துப் பரிமாறிக்கொண்ட சிற்றிதழ்களில்தான் அவர் எழுதிப் பழகினார். பின்னாளில் அவருடைய வாசகர்களும் அதே வழியில் வளர்ந்தார்கள். எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் என்ற இருவர் ஸ்வீடனில் இருந்தபடி 1999-இல் இந்தத் தொடருக்காக வெஸ்டரோஸ் என்ற இணைய வாசகர் களத்தைத் தொடங்கினார்கள். குலவரலாறு, கொடிச்சின்னம், கண்ணின் நிறம் வரை அவர்கள் திரட்டிய விவரங்கள் அவ்வளவு துல்லியமானவை. எழுதும்போது எழும் ஐயங்களை மார்ட்டினே கார்சியாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். 2014-இல் வெளிவந்த ‘தி வேர்ல்ட் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நூலின் அட்டையில் மூவர் பெயர்களும் இருக்கின்றன. கதைமாந்தர் ஜான் ஸ்னோவின் தாய் யார் என்ற புதிரை, தொலைக்காட்சி 2016-இல் உடைப்பதற்கு வெகுகாலம் முன்பே, சிதறிக் கிடந்த குறிப்புகளைச் சேர்த்து விடுவித்தவர்களும் இப்படிப்பட்ட வாசகர்கள்தாம். ஒரு நூலை இவ்வளவு கூர்ந்து படிப்பது எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதை.

அதே கூட்டம் கெடும்போது அதிலுள்ளவரும் சேர்ந்தே கெடுகிறார். விழுந்த நிலத்தின் தன்மையால் நீர் திரிவதுபோல, சேர்ந்த கூட்டத்தின் தன்மையால் மனிதரின் அறிவு திரியும் என்று வள்ளுவர் சிற்றினம் சேராமை அதிகாரத்தில் சொல்கிறார். வீட்டில் முதியவரிடம் ஒரு கடுஞ்சொல் பேசாத பிள்ளை, குழுவுக்குள் நுழைந்ததும் ஒரு முதியவரின் சாவை வைத்துச் சிரிப்பது இந்தத் திரிபினால்தான். அங்கே எல்லாரும் பேசுகிறார்கள், நான்கு பேர் லைக் போடுகிறார்கள், ஆகவே அது தவறாகத் தோன்றுவதில்லை.

இந்தப் பேச்சு மார்ட்டினின் காதுக்குப் போகாமலும் இல்லை. 2014-இல் சுவிட்சர்லாந்து நாளிதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில், தம் உடல்நலத்தையும் சாவையும் பற்றி ஊகம் பேசுபவர்கள் தம்மைப் புண்படுத்துகிறார்கள் என்று அவர் சினந்து பேசினார். அதன் பின்னும் பதினோரு ஆண்டு அது ஓயவில்லை. 2025 மே மாதம், மறைந்த தம் நண்பர் ஹோவர்ட் வால்ட்ராப்பின் கதையைப் படமாக்கும் செய்தியை அறிவித்தார். நண்பனின் எழுத்து அழிந்துவிடக் கூடாது என்று ஒருவர் செய்யும் காரியம் அது. அந்த அறிவிப்பிலேயே, தம் வாசகர்களில் சிலர் என்னவெல்லாம் சொல்வார்கள் என்று அவரே பட்டியலிட வேண்டியிருந்தது: புத்தகத்தை இனி முடிக்கவே மாட்டார், முடித்தாலும் நன்றாக இராது, வேறு ஆளை வைத்து எழுதச் சொல்லலாம், எப்படியும் கிழவர் சீக்கிரம் செத்துவிடுவார். செத்த நண்பனைப் பற்றி எழுதும்போதும் தம் சாவைப் பற்றிய ஏச்சுக்கு முன்கூட்டியே பதில் சொல்லும் நிலைக்கு ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தியதை வாசக அன்பு என்று எவராவது சொன்னால், அன்புடைமை அதிகாரத்தை அவர் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

தீயினால் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவினால் சுட்டது ஆறாது என்பதைப் பள்ளிக்கூடம் போன எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதைவிட இந்தக் காலத்துக்குப் பொருந்துவது புறங்கூறாமை அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவர் எதிரே நின்று இரக்கமின்றிப் பேசினாலும் பேசலாம், அவர் இல்லாத இடத்தில் பின்விளைவை எண்ணாத சொல்லைச் சொல்லாதே என்கிறார் வள்ளுவர். இணையக் கூட்டத்தில் பேசப்படுபவர் எப்போதும் எதிரே இல்லாதவர்தான். அங்கே சொல்லப்படுவது மட்டும் எப்படியோ அவரிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வாசகர் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. காசு கொடுத்து வாங்கினார்கள், பல்லாண்டு காத்திருந்தார்கள், குறித்த கெடுக்கள் தவறியதை மார்ட்டினே 2016 ஜனவரியில் ஒப்புக்கொண்டார். ஏமாற்றம் உண்மைதான். வெளிவந்த நூலைக் குறை சொல்வதும் அவர்களின் முழு உரிமை.

ஆனால் காசு கொடுத்தது ஐந்து தொகுதிகளுக்கு. அந்த ஐந்தும் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஆறாவதற்கு இவர்கள் எந்த விலையும் தரவில்லை. பின் எந்தக் கடனை வசூலிக்க வாசலில் நிற்கிறார்கள்? எழுத்தாளரை விலைக்கு அமர்த்தப்பட்டவராகப் பார்க்கும் பார்வையை நம் பழம்புலவர்கள் பொறுத்ததில்லை. அதியமான் தம்மை நேரில் காணாமல் பரிசில் அனுப்பியபோது, தாம் பொருளுக்குப் பாடும் வணிகர் அல்லர் என்று சொல்லிப் பெருஞ்சித்திரனார் அதை ஏற்க மறுத்தது புறநானூற்றில் இருக்கிறது. தகுதியறிந்து தந்தால் தினையளவு போதும் என்றார் அந்த வறிய புலவர்.

அதே புறநானூற்றில் இன்னொரு காட்சி. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் வீரமுரசை நீராட்டக் கொண்டுபோயிருந்தார்கள். வழிநடந்த களைப்பில் வந்த மோசிகீரனார், பூப்பரப்பிய முரசுகட்டிலை வெறும் கட்டில் என்று எண்ணிப் படுத்து உறங்கிவிட்டார். அதற்குத் தண்டனை வாள்தான். அரசன் வந்தான், பார்த்தான், வாளை எடுக்கவில்லை. விசிறி எடுத்து, உறங்கும் புலவருக்குத் தன் கையாலேயே வீசினான். என்னை எப்போது எழுந்து பாடுவாய் என்று அவரை உலுக்கவில்லை. தண்டிக்க எல்லா அதிகாரமும் உள்ளவன் அப்படி நடந்துகொண்டான். எந்த அதிகாரமும் இல்லாதவர்கள் இன்று உலுக்குகிறார்கள்.

கொன்றதற்கு ஒப்பான தீமையை ஒருவர் செய்தாலும், முன்பு அவர் செய்த ஒரு நன்மையை நினைத்தால் அது மறைந்துவிடும் என்கிறது செய்ந்நன்றி அறிதல். மார்ட்டின் செய்த தீமைதான் என்ன? எழுதத் தாமதித்தார். அதற்கு எதிரே ஐந்து பெரும் தொகுதிகள் தந்த நன்மை இருக்கிறது.

சியாட்டிலில் ஆயுதமாக வீசப்பட்ட சாண்டர்சன் என்ற பெயரின் கதையையும் சொல்ல வேண்டும். ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரை 1990-இல் தொடங்கிய ராபர்ட் ஜோர்டன் 2007 செப்டம்பரில் இதயத்தைத் தாக்கிய அரிய நோயால் இறந்தார். தம் கதை முடிக்கப்பட வேண்டும் என்று நோய்ப்படுக்கையில் குறிப்புகள் சொல்லி வைத்தவர் அவரே. முடிப்பவரைத் தேர்ந்தவர் அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல். ஜோர்டன் மறைந்தபோது, சிறுவயது முதல் அவரைப் படித்துவந்த சாண்டர்சன் எழுதிய அஞ்சலி ஹாரியட்டின் கண்ணில் பட்டது. அந்த நன்றியுரைக்குப் பிறகுதான் அழைப்பு வந்தது. 2009, 2010, 2013 என மூன்று தொகுதிகளில் அவர் கதையை முடித்தார். மார்ட்டினின் தொடருக்குத் தாம் பொருத்தமானவர் அல்லர் என்று சாண்டர்சனே சொல்லியும் இருக்கிறார். எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் ஜோர்டனுக்கு நேர்மாறாக விரும்பினார். 2015-இல் அவர் மறைந்தபின், முற்றுப்பெறாத எழுத்துகள் இருந்த கணினித் தட்டை அவர் விருப்பப்படி 2017-இல் இங்கிலாந்தின் டோர்செட் நீராவிப் பொருட்காட்சியில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். முடிக்கச் சொல்வதும் நசுக்கச் சொல்வதும் எழுதியவரின் உரிமை. வாசகர் ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் காரியம் இல்லை.

மௌனமாக இருந்தவர்களின் கணக்கு இன்னும் பாக்கி. மகாபாரதத்தின் சபா பருவத்தில், திரௌபதியின் கேள்விக்கு அவை வாய் திறவாதபோது விதுரர் ஒரு பழைய நியாயத்தை எடுத்துச் சொல்கிறார். கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காத அவையில், பாவத்தின் பாதி அவைத் தலைவனைச் சேரும். கால் பங்கு செய்தவனுக்கு. மிச்சக் கால் பங்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு. இணைய வாசகர் குழுவில் அவைத் தலைவன் அட்மின். பாதிப் பங்கு அவருடையது.

இது மார்ட்டினோடு நிற்கிற விஷயமும் இல்லை. மார்ட்டினின் கதையுலகிலேயே அமைந்த ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொலைக்காட்சித் தொடரில் கோர்லிஸ் வெலேரியன் வேடத்துக்குக் கறுப்பினத்தவரான ஸ்டீவ் டூசான்ட் தேர்வானதும் இனவெறி ஏச்சுகள் அவருக்கு வந்து குவிந்தன. 2022-இல் அவரே அதை வெளியில் சொன்னார். டிராகன் பறப்பதை நம்ப முடிந்தவர்களுக்கு ஒரு பிரபு கறுப்பாக இருப்பதை நம்ப முடியவில்லை. அந்த ஏச்சை எழுதாத பெரும்பாலோர் அதைக் கடந்து, அடுத்த பகுதி எப்போது என்று பேசப் போய்விட்டார்கள்.

குழுவின் விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: எழுத்தாளர், நடிகர் எவருடைய உடல்நலம், ஆயுள், நிறம் பற்றியும் இங்கே பேச்சு கூடாது. மீறும் பதிவை அட்மின் நீக்கட்டும். நீக்காவிட்டால் உறுப்பினர்கள் எழுதிக் கேட்கட்டும். கேட்டும் பயனில்லையென்றால் குழுவை விட்டு வெளியேறி, நூலைப் பற்றி மட்டும் பேசும் இன்னொன்றைத் தொடங்கட்டும். கார்சியாவும் ஆன்டன்சனும் 1999-இல் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இன்று அதற்குத் தேவைப்படாது.