கடாரத்தை வென்றது நாமா?

கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்து முடித்த கையோடு பலர் தஞ்சாவூருக்குப் போகிறார்கள். சிலர் காட்டுமன்னார்கோயிலுக்கே போய், அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டைத் தேடுகிறார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற ரவிதாசன் கதைக்காக முளைத்தவன் அல்லன், அவன் பெயரும் அவன் உடன்பிறந்தார் பெயரும் அந்தக் கல்லில் இருக்கின்றன, நாவலில் வரும் நந்தினிதான் கற்பனை என்று அங்கே தெரிகிறது. 1950 முதல் 1954 வரை வார இதழில் வந்த ஒரு தொடர்கதை, மக்களை வரலாற்றாசிரியர்களான நீலகண்ட சாஸ்திரியிடமும் சதாசிவ பண்டாரத்தாரிடமும் கூட்டிக்கொண்டு போனது. கல்கிக்கு அதற்காக எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

என் சண்டை அதற்குப் பிறகு நடப்பதோடுதான். புத்தகத்தை மூடியதும், சோழர் படை கடல் கடந்து போய் வென்ற ஊரைச் சொல்லி, "நாம் கடாரம் வென்றோம்" என்கிறோம். யார் அந்த 'நாம்'?

கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் 1007-ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஒன்பது லட்சம் பேர் கொண்ட சோழர் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்கிறது. எதிரி எழுதியது, கூட்டித்தான் சொல்லியிருப்பான் என்பீர்கள். நியாயமான சந்தேகம். படையின் எண்ணிக்கையை நானும் நம்பவில்லை. அதே சந்தேகத்தோடு சோழ மன்னன் ராசராசனின் மெய்க்கீர்த்தியையும் படித்திருக்கிறோமா? அது மன்னன் தன்னைப் பற்றித் தானே எழுதச் சொன்னது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, அடிபட்டவன் சொல்வதற்கு மட்டும் சாட்சி கேட்பது பகுத்தறிவு ஆகாது. ஈழத்து வரலாற்று நூலான சூளவம்சமும் சோழர் படை விகாரைகளை உடைத்துக் கொள்ளையடித்ததைப் பதிந்திருக்கிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கொலைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன் என்று கேட்கலாம். ஆக மாட்டீர்கள். அப்படியானால் கடாரமும் நீங்கள் வென்றது இல்லை. வெற்றியில் மட்டும் பங்கு கேட்பவர், ஹொட்டூரில் செத்த குழந்தைக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

நாவல் படிக்கும்போது வந்தியத்தேவனோடு குதிரையில் போகிறோம். போகத்தான் வேண்டும், அதற்காகத்தானே படிக்கிறோம்! ஆனால் வரலாற்றில் நம்மில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர் குதிரை ஏறியவர்கள் அல்லர். உழுதார்கள், வரி கொடுத்தார்கள், கல் சுமந்தார்கள். ராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரியில்லாத நிலங்களைப் பட்டியலிடும் கல்வெட்டு, பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தனித்தனியே குறிக்கிறது. பொற்காலம் என்று நாம் கொண்டாடும் ஆட்சியில், ஊருக்கு வெளியே சேரி இருந்ததை அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்ட குடும்பங்களைப் பற்றியும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. இதையெல்லாம் படித்த பிறகும் ராசராசனின் நிர்வாகத் திறமையை வியக்கலாம், நானும் வியக்கிறேன். அவனை நம் தாத்தாவாக்கிக்கொள்ளும் அவசரம்தான் எனக்குப் புரியவில்லை. சேரியில் இருந்தவரைத் தாத்தா என்று சொல்லிக்கொள்வதில் என்ன கூச்சம்?

பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் விமானத்தின் உயரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். கோயில் பணிக்காகப் பல ஊர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. எந்தத் தெருவில் எந்த வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற விவரமும் உண்டு. கொண்டுவரும்போது அவர்களிடம் சம்மதம் கேட்டார்களா என்ற விவரம் இல்லை. ஆரூர், பழையாறை, நாகப்பட்டினம் என்று ஊர்ப்பெயர்களும் வரும். அவற்றில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பாருங்கள்.