கடற்கரை யாருடைய களம்?

திருவரங்குளத்தில் கடல் இல்லை. செம்மண்ணும் முந்திரிக்காடும் குளங்களும் உண்டு. அலையோசை கேட்க வேண்டுமெனில் கிழக்கே பேருந்து ஏறியாக வேண்டும். அதனால்தானோ என்னவோ, கோடை விடுமுறை வந்தால் நம் மக்களின் நெஞ்சம் கடலையே நாடுகிறது. வேளாங்கண்ணிக்குச் செல்வோர் அன்னையை வணங்கிய கையோடு அலையில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. இதை நாம் குறையாகக் கருதவில்லை. ஆண்டெல்லாம் வெயிலில் உழைத்தவர் ஒருநாள் அலைமுன் நின்று சிரிப்பதும் இறைவன் தந்த ஓய்வே.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு இளைஞர்களோடு சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்துக்குச் சென்றிருந்தோம். அங்குள்ள ஆலயத்தில் செபித்துவிட்டு, உணவுப் பொட்டலங்களுடன் மணலில் இறங்கினோம். படகொன்றின் நிழலில் அமர எண்ணினோம். அருகே ஒரு மீனவப் பெண்மணி பழைய வலையை விரித்து அதன்மேல் மீன் காயவைத்துக்கொண்டிருந்தார். வாடை பொறாது பிள்ளைகள் முகம் சுளித்தனர். நாமே முன்சென்று, "அம்மா, இதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா? பிள்ளைங்க சாப்பிடணும்" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது எங்க களம் சாமி. எங்கே தள்ளுறது?" என்றார். ஆயினும் நாம் அணிந்திருந்த அங்கியின் பொருட்டோ என்னவோ, வலையின் ஓர் ஓரத்தை இழுத்துச் சுருக்கிக்கொண்டார். நாங்களும் அமர்ந்து உண்டோம்.

களம் என்ற அந்தச் சொல் ஊர் திரும்பிய பின்னும் நம்மை விடவில்லை. நம் ஊர்களில் களத்துமேடு இருக்கிறது. அதற்குத் தனிப்பட்டா கிடையாது. அறுவடை இல்லாத நாளில் பார்ப்பவனுக்கு அது வெற்றுப் பொட்டல். ஆனால் யார் போர் எங்கே நிற்கும், எவர் நெல் எங்கே காயும் என்பது ஊரார் அனைவருக்கும் தெரியும். வெளியூரார் சிலர் வந்து அங்கே நாற்காலி போட்டு அமர்ந்து, நெல்லைச் சற்று ஒதுக்குங்கள் என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? மணல் வெறுமையாய் இருக்கிறது என்று நாம் கண்டது, மணலைப் பற்றிய உண்மையன்று. விருந்தாளியாக வந்தவரின் கண்ணில் உள்ள குறை.

இக்கேள்வி புதிதன்று. கி.பி. 533இல் பேரரசர் யுஸ்தினியானுசு வெளியிட்ட சட்டநூல், காற்று, ஓடும் நீர், கடல், கடலின் கரை ஆகியவை இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்று வகுத்தது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் அம்மரபின் வாரிசுகள். அதே கடலோரத்தில், சூரை மீன்பிடிப்பில் பேர்பெற்றிருந்த பெனிடோர்ம் என்ற இசுபானிய ஊர், 1956ஆம் ஆண்டின் நகரத்திட்டத்துக்குப்பின் வானளாவிய விடுதிகளின் நகராயிற்று. 1978ஆம் ஆண்டின் இசுபானிய அரசியலமைப்பு கடற்கரைகள் பொதுவுடைமை என்கிறது. இத்தாலியிலோ கரை அரசுடையது. ஆனால் அதன் பல பகுதிகள் குத்தகைக்கு விடப்பட்டு, குடைக்கும் சாய்நாற்காலிக்கும் கட்டணம் வாங்கப்படுகிறது. பொது என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது போலும்.

நம் நாட்டிலும் 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டரில் புதுக்கட்டடம் கூடாது என்றது. 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது. கரையில் நடந்தவற்றையும் மறக்கலாகாது. 1985இல் மெரினாவை அழகுபடுத்தவெனக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் இலங்கையில் கரையோரம் மீண்டும் வீடு கட்டத் தடை வந்தது; சுற்றுலா விடுதிகளுக்கோ விலக்குக் கிடைத்தது. மீனவன் உறங்க ஆபத்தான கரை, பயணி உறங்க மட்டும் எப்படிப் பாதுகாப்பாகும்?

விடுதிகளால் வேலை கிடைக்கிறதே என்பர். உண்மைதான். கோவளத்து மீனவ இளைஞர் சிலர் இன்று அலைச்சறுக்குப் பயிற்றுவித்துப் பிழைக்கின்றனர். அவர்களை இகழ நமக்கு உரிமையில்லை. (அங்கே 1970களிலேயே எழுந்த ஒரு விடுதியின் ஆங்கிலப் பெயரில்கூட மீனவர் இருக்கிறார்!) ஆனால் வேலை கொடுப்பது ஒன்று, களத்தை எடுத்துக்கொள்வது வேறு.

மண்ணுலகின் நலன்கள் எல்லாருக்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. அழகுமிக்க இடங்கள் தனியார்வசமாகி மக்கள் அணுக முடியாமற் போவதைத் திருத்தந்தை பிரான்சிசு 2015ஆம் ஆண்டுத் திருமடலில் சுட்டிக்காட்டினார். ஆயினும் இப்போதனையை நாம் சோம்பலாகப் படித்துவிடக் கூடும். எல்லாருக்கும் பொது என்றால், ஒருநாள் வந்த நமக்கும் நாள்தோறும் அங்கே உழைப்பவருக்கும் உரிமை சரிநிகர் என்றாகிவிடுமோ? புனித தோமா அக்குவினாரின் வழி வேறு. கடுந்தேவையின் முன் தனியுடைமையே தளர வேண்டும் என்பார் அவர். தனியுடைமையே தளருமெனில், பொதுவுடைமையில் பிழைப்பின் தேவை, ஓய்வின் விருப்பத்துக்கு முந்தி நிற்க வேண்டாமா? ஓய்வும் மனிதனுக்குத் தேவையே. ஆனால் நிழல் வேறிடத்திலும் கிடைக்கும். கருவாடு காய வெயிலும் மணலும் கரையில்தான் உண்டு.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கரையில் கரிநெருப்பு மூட்டி, சீடர் பிடித்த மீனையும் கொண்டுவரச் சொன்னார். அந்தக் கரையிலும் மீன்வாடை அடித்திருக்கும்.

இவ்வாண்டும் இளைஞர்கள் கடலுக்குப் போகலாம் என்கிறார்கள். போவோம் என்றோம், ஆனால் பாய் விரிக்குமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் எங்கே அமரலாமென்று கேட்டு அமர்வோம் என்றோம். ஒரு தம்பி கேட்டார்: "இடமில்லைன்னு சொல்லிட்டாங்கன்னா, ஃபாதர்?"

அவருக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.