எடுகோளும் அமானிதமும்

நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளை அமானிதம் என்பது கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலாய எம் கரையோர ஊர்களின் வழக்கு. நகையாயினும் காணி உறுதியாயினும், ஏற்றவர் அதனைக் கேட்டபோது குறைவின்றித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். இன்று இவ்வூர்த் தாயொருத்தி, கட்டாரில் தொழில் புரியும் மகனுக்குக் கைத்தொலைபேசிவழி அனுப்பும் குடும்ப இரகசியமும் அமானிதமே. அதனைக் காப்பது, ஒரு கணக்குத் தீர்ப்பதற்குக் கடினமானது என்னும் எடுகோள். அக்கடினம் இன்றுவரை நிறுவப்படவில்லை. நிறுவப்படாத ஒன்றை நம்பிப் பிறரது அமானிதத்தை ஏற்பது அறமாகுமா?

எடுகோளின் இயல்பை முதற்கண் நோக்குவோம். முன்பின் சந்தியாத இருவர், யாவரும் கேட்க உரையாடியே தமக்குள் ஓர் இரகசிய எண்ணை அடையும் வழியை 1976 இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் வெளியிட்டனர். இருவரும் 17, 3 என்னும் எண்களை வெளிப்படையாகத் தெரிவுசெய்கின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் 6 ஐ மனத்துள் வைத்து, 3 இன் 6 ஆம் வலுவை 17 ஆல் வகுத்த மீதியாகிய 15 ஐ அனுப்புகின்றார். மற்றவர் 7 ஐ மறைத்து, அவ்வாறே பெற்ற 11 ஐ அனுப்புகின்றார். முன்னவர் 11 இன் 6 ஆம் வலுவையும் பின்னவர் 15 இன் 7 ஆம் வலுவையும் 17 ஆல் வகுக்க, இருவர்க்கும் 8 எஞ்சுகின்றது. ஒட்டுக்கேட்பவர் அறிந்தவை 17, 3, 15, 11 என்பனவே. எண்கள் சிறியனவாதலின் 8 ஐ அவர் எளிதிற் காண்பார்; நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்டனவாயின் இன்றைய கணினிகளால் இயலாது என்கிறோம். அவ்வாறு கூறுதற்கு நிறுவல் இல்லை. வல்லுநர் பல்லாண்டு முயன்றும் விரைவான வழியைக் காணவில்லை என்பதே சான்று.

இஃது அனுபவத்தின் சான்று. நேற்றுவரை நிகழாதது நாளையும் நிகழாதென்பதற்குத் தருக்க நியாயம் இல்லை என்பதை 18 ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூம் காட்டினார். எம் கரையோரம் அதனை நூலிற் கற்கவில்லை. 1978 ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட முதியோரும், 2004 டிசெம்பர் 26 இல் கடல் ஊருக்குள் எழுந்து வருமென எண்ணியிருக்கவில்லை. கணிதத்திலும் இத்தகைய காலைகள் உண்டு. வேறொரு கடினத்தை ஆதாரமாகக் கொண்டு 2011 இல் முன்மொழியப்பட்ட திறவுகோற் பரிமாற்ற முறையொன்று பதினோராண்டு நிலைத்து நின்றது. 2022 இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர், அதன் வடிவமொன்றை ஒரே கணினியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தனர். அதற்கு உதவிய தேற்றமோ 1997 இலேயே அச்சேறியிருந்தது!

ஈண்டு ஒரு வேறுபாடு கருதற்பாலது. நாளை இடியும் பாலம், நேற்றுக் கடந்தவரை வீழ்த்துவதில்லை. எடுகோளோ வீழும்போது கடந்த காலத்தையும் காட்டிக்கொடுக்கும். இன்று எவரோ பதிவுசெய்து வைத்த மறைசெய்தி, இருபது ஆண்டுகளின் பின்னர் படிக்கப்படலாம். போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி அமையுமாயின் டிஃபி, ஹெல்மன் முறையின் கணக்குத் தீர்ந்துவிடும் என்பதைப் பீற்றர் ஷோர் 1994 இல் நிறுவினார். தாய் மறைந்த பின்னரும் அவளது அமானிதம் ஆபத்திலுள்ளது.

ஆயின் நிறுவல் கிட்டும்வரை எதனையும் ஏற்கலாகாதா? அயலவரின் நேர்மைக்கு நிறுவல் கேட்டு எவரும் நகையை ஒப்படைத்ததில்லை. எடுகோளை நம்புதல் குற்றமன்று. அதனை உறுதியென உரைத்தலே குற்றம். ஆதலின் காப்பவர்க்குக் கடமைகள் மூன்று உள. எடுகோளை வெளிப்படையாகக் கூறல் வேண்டும். எவரும் அதனைத் தாக்கிச் சோதிக்க இடமளித்தல் வேண்டும். ஒன்று வீழினும் மற்றையது காக்குமாறு, தம்முள் வேறுபட்ட இரு எடுகோள்களை இணைத்தல் வேண்டும். இறுதியிற் கூறியதை உரையாடற் செயலிகள் சில இன்று மேற்கொண்டுள்ளன. முதலாவதே அரிதாயுள்ளது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தலோடு அமானிதம் முடிவதில்லை. எதனை நம்பிக் காக்கின்றோம் என்பதைக் கொடுத்தவர் கேளாமலே கூறுதலும் அதனுள் அடங்கும்.