கரையில் நிற்பவர்

மூழ்குபவர் பிழைப்பது தன் முயற்சியாலா, காப்பவர் கையாலா? வைணவத்தில் இது பழைய வழக்கு. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல உயிரும் முயல வேண்டும் என்பர் வடகலையார். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி போலக் கிடந்தால் போதும் என்பர் தென்கலையார். இரு சாராருக்கும் பொதுவான ஆசாரியர் இராமானுசர். அவருக்குப் பெரிய நம்பி மகிழ மரத்தடியில் பஞ்ச சம்ஸ்காரம் செய்த ஊர் மதுராந்தகம்.

நீச்சல்குள உயிர்காப்பாளர் பயிற்சி முதலில் பூனைக்குட்டியின் பக்கம் சாய்கிறது. தத்தளிப்பவர் காப்பவரையே கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவார். உடலைத் தளர்த்தி ஒப்படைப்பவரை இழுத்துவருவது எளிது. ஆகவே கழியை நீட்டு, மிதவையை எறி, நீரில் இறங்குவது கடைசி வழி என்று கற்பிக்கிறார்கள். ஆனால் எறிந்த மிதவையைப் பற்ற வேண்டியவர் மூழ்குபவர்தான். அங்கே குரங்குக்குட்டி இல்லாமல் முடியாது.

வழக்கை இரு கட்சிகளும் மூழ்குபவர் பக்கமிருந்தே பேசின. காப்பவரின் நிலையைக் காட்டுவது அதே மதுராந்தகத்தின் ஏரி காத்த ராமர் கதை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஏரி உடையும் நிலையிலிருந்த மழையிரவில், வில்லேந்திய இருவர் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் கண்டார் என்கிறது அது. அவர்கள் நீரில் இறங்கவேயில்லை. உயிர்காப்பாளர் பணியிலும் பெரும்பகுதி இந்தக் கண்காணிப்புதான். அந்த ராமர் கோயிலின் தாயார் சன்னிதியில் பிளேஸ் பெயரைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது.