எது புனிதத் தலம்?

அனிமே எனப்படும் யப்பானியச் சித்திரப் படங்களில் வரும் காட்சிகள் பல, அந்நாட்டில் உண்மையாகவே உள்ள தெருக்களையும் கோயில்களையும் பள்ளிக்கூடங்களையும் பார்த்து வரையப்பட்டவை. அவ்விடங்களைத் தேடிச் சென்று, படத்திற் கண்ட அதே கோணத்தில் நின்று பார்க்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது. இரசிகர்கள் இதற்கு இட்டுள்ள பெயரின் பொருள் 'புனிதத்தல யாத்திரை' என்பதாகும். ஒருநாளும் வாழ்ந்திராத பாத்திரங்கள் நடமாடியதாக வரையப்பட்ட ஓரிடத்தைப் புனிதம் எனல் தகுமோ?

இளைஞரின் வெறும் மயக்கம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது, ஆயின் நியாயமன்று. 1689இல் பாஷோ என்னும் கவிஞர் யப்பானின் வடபுலம் நோக்கி நடந்தபோது, முன்னோர் பாடிய இடங்களைத் தம் கண்ணாற் காணும் வேட்கையே அவரையும் உந்திற்று. கலையிற் கண்டதை நிலத்திற் காண விழைதல் மனித இயல்பு. ஆகவே, செல்லலாமா என்பதன்று வினா. சென்றவர் அங்கு எதனைக் காண்கின்றார் என்பதே வினா.

சிகா மாநிலத்துத் தொயொசாதோ என்னும் சிற்றூரின் கதையை நோக்குவோம். அவ்வூரிற் பிறந்து வணிகத்தில் உயர்ந்த ஒருவரின் நன்கொடையால் 1937இல் அங்கு ஒரு தொடக்கப் பள்ளி எழுந்தது. 2002இல் அதனை இடித்துவிட ஊராட்சித் தலைவர் முனைந்தார். மக்கள் எதிர்த்தனர்; வழக்காடினர். நீதிமன்றம் தடையாணை பிறப்பித்த பின்னரும் இடிப்பு வேலை தொடங்கிற்று. சாளரக் கண்ணாடிகள் நொறுக்கப்பட்டன. ஊர் மக்கள் திரண்டு நின்று கட்டடத்தைக் காத்தனர். 2004இல் மாணவர்கள் புதிய கட்டடத்துக்கு மாறினர், பழையது எஞ்சிற்று. 2009இல் 'கே-ஆன்!' என்னும் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. அதில் வரும் பள்ளி இதனையே ஒத்திருக்கக் கண்ட இரசிகர்கள் அவ்வூருக்கு வரத் தொடங்கினர்.

அப்பள்ளி 2009இலேதானா புனிதமாயிற்று? 2002இல் மக்கள் அதனைக் காவாது விட்டிருப்பின், ஓவியர் வரைய அங்கு எதுவும் எஞ்சியிராது. தம் பிள்ளைகள் ஏறி இறங்கிய படிகள் பெறுமதியுடையன என்று அம்மக்கள் எந்தப் படத்தையும் பார்த்து அறிந்தாரல்லர்.

எனினும் கலைஞரின் பங்கை நாம் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஓர் ஊரார் மட்டும் அறிந்திருந்த அழகை, அவ்வூரைக் கேள்வியுற்றிராதவரும் உணரச் செய்தது அவர்தம் உழைப்பே. அத்தொடரை ஆக்கிய கியோத்தோ அனிமேஷன் நிறுவனத்தின் கலைக்கூடத்துக்கு 2019 யூலை 18இல் ஒருவன் தீ வைத்தான். 36 பேர் மாண்டனர். திரையில் ஒரு நொடியில் மறையும் சித்திரத்தின் பின்னால் எத்தனை கைகள் உள்ளன என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

இவ்வுழைப்பை மறந்த யாத்திரை எவ்வாறு முடியும் என்பதற்குக் கமகுராவில் உள்ள ஒரு புகையிரதக் கடவை சான்று. 'ஸ்லாம் டங்க்' தொடரின் தொடக்கக் காட்சியில் வரும் கடவை அது. படம் பிடிப்போர் வீதியிலே குவிவதால் அயலில் வாழ்வோர் அல்லலுறுகின்றனர். வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர், தம் சொந்தத் தெருவிலேயே பிறர் படத்துக்கு இடையூறாகிவிடுகின்றார்.

இதற்கு மாறான நெறியும் உண்டு. 2007இல் வந்த 'லக்கி ஸ்டார்' தொடரால் சைத்தாமா மாநிலத்து வாஷினோமியா கோயிலை இரசிகர் நாடினர். அடுத்த ஆண்டு அவ்வூர்த் திருவிழாவில், அத்தொடரின் சித்திரங்கள் பொறித்த சப்பரத்தைத் தம் தோளிலே சுமந்தனர். காண வந்தவர் தோள்கொடுப்பவராயினர்.

ஓரிடத்தைப் புனிதமாக்குவது அதன்மீது மனிதர் செலுத்திய அன்பும் உழைப்புமே என்பது நம் முடிபு. அவ்விடத்தைக் கட்டியவர், காத்தவர், வரைந்தவர், இன்றும் அங்கு வாழ்பவர் ஆகிய அனைவரும் அப்புனிதத்திற் பங்குடையர். படத்திற் கண்ட கோணத்தைத் தேடி நிற்பவர், தாம் நிற்பது யாருடைய வாசல் என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.