பொய்க் கல்லறை

வேல்ஸ் நாட்டின் வடக்கே, ஸ்னோடோனியா மலைகளுக்கு நடுவே பெத்கெலர்ட் என்றொரு சிற்றூர். கிளாஸ்லின் ஆற்றங்கரையோடு சிறிது தூரம் நடந்தால், மரநிழலில் ஒரு நாயின் கல்லறை. வாயில் ரத்தம் தோய நின்ற நாயை, குழந்தையைக் கொன்றுவிட்டதென எண்ணி இளவரசன் லூவெலின் வாளால் குத்தினான். பிறகுதான் உயிரோடிருந்த குழந்தையையும் செத்துக் கிடந்த ஓநாயையும் கண்டான். நமக்குப் பழகிய கதைதான். இங்கே அது கீரிப்பிள்ளை. சிலப்பதிகாரத்திலேயே அந்தக் கதை வந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கல்லின் கீழே எந்த நாயும் இல்லை. 1800-ஐ ஒட்டி, விடுதிக்காரர் டேவிட் பிரிட்சர்டு பயணிகளை இழுக்க அதை நட்டுவைத்தார் என்கிறார்கள். மோசக்காரர் என்று அவரைத் தள்ளிவிடலாமா? அங்கே நின்று கண் கலங்குகிறவர், தாம் விசாரியாமல் கடிந்துகொண்ட மருமகளையோ வேலைக்காரச் சிறுவனையோ நினைத்துக் கலங்கலாமே! அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. (கதை எழுதிப் பிழைப்பவன் வேறு எப்படிச் சொல்வான்?)

என்னை உறுத்துவது வேறொன்று. ஊரின் பெயருக்கே கெலர்ட்டின் கல்லறை என்றுதான் பொருள். அந்தக் கெலர்ட் பழங்காலத் துறவி ஒருவராக இருக்கக்கூடும் என்பர் ஆராய்ந்தோர். நாய்க்குக் கல் நட்ட நாளிலிருந்து அவருக்கு அந்தப் பெயரும் சொந்தமில்லை.